கை தாங்கும் சூடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் நம்முடைய தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது எத்தனையோ மாறின. ஆபீஸ் பலகை மாறியது, முத்திரை மாறியது, பிள்ளைகள் சுமந்துகொண்டு போகிற பாடப்புத்தகம்கூட மாறியது. இஞ்ஞாசியின் பெயர் மட்டும் மாறவில்லை. ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயர் இஞ்ஞாசி. ஊர் வைத்த பெயர் கரிரொட்டி. அதற்குள் மூன்று வருஷமாக அவனுடைய ரொட்டி பொன்னிறத்தில்தான் வந்துகொண்டிருந்தது. இருந்தும் மணவாளக்குறிச்சிச் சந்தையில் “கரிரொட்டிக்க கடை எங்க?” என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்கள்மேல் குற்றம் இல்லை. இரண்டு வருஷம் நாள் தவறாமல் பாடுபட்டு அவன் சம்பாதித்த பெயர் அது.

கடியப்பட்டணத்துக்கும் முட்டத்துக்கும் நடுவே, ஓர் அந்தோனியார் குருசடிக் கோயிலைச் சுற்றி முந்நூறு வீடுகள் கொண்ட கடற்கரை அவனுடைய ஊர். அங்கே ஆணாகப் பிறந்தவன் வேலை தேடி அலைய வேண்டியதில்லை. கடல் வாசலிலேயே கிடக்கிறது. இஞ்ஞாசிக்கு அதுதான் சங்கடம். பன்னிரண்டு வயதில் அப்பா மரியான் அவனை வள்ளத்தில் ஏற்றினார். கரை கண்ணுக்கு மறையும் முன்பே குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஏழு வருஷம் ஏறினான், ஏழு வருஷமும் கக்கினான். கக்கல்கூடப் பரவாயில்லை, பயம்தான் பெரிய பாடு. தூரத்தில் அலை எழும்புவதைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரியதத்த மந்திரத்தைத் தொடங்குவான். மாதாவை நோக்கிச் சொல்லும் அந்தச் சின்ன ஜெபத்தை, அலை வந்து வள்ளத்தில் மோதுவதற்குள் முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் வள்ளம் கவிழாது என்று அவனுக்கு ஒரு கணக்கு. கவிழவும் இல்லை என்பதால் அந்தக் கணக்கு ஏழு வருஷமும் நிலைத்தது. அண்ணன்மார் இரண்டு பேரும் துடுப்புப் போட்டபடியே சிரிப்பார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் இஞ்ஞாசியும் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டான். ஒரு துண்டையும் இரண்டு சட்டையையும் சுருட்டிக்கொண்டு கொல்லத்துக்குப் போய் ஒரு ரொட்டிக்கடையில் சேர்ந்தான். மாவு அவன் காலடியில் ஆடவில்லை, அதுவே பெரிய நிம்மதி. பிசையக் கற்றான், முந்தின நாள் புளித்த மாவில் ஓர் உருண்டை எடுத்துப் புதுமாவில் சேர்க்கக் கற்றான், உருட்டக் கற்றான். போர்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் மேஸ்திரியுடையது. போர்மா என்பது ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குச் செங்கல்லால் குவித்துக் கட்டிய அடுப்பு. உள்ளேயே விறகை அடுக்கி இரண்டு மணி நேரம் எரிப்பார்கள். உள்கூரை முதலில் கருத்து, பிறகு கரி எல்லாம் எரிந்து வெளுக்கும். வெளுத்ததும் தணலை வெளியே இழுத்துவிட்டு, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, ரொட்டியை வைத்து வாயை அடைப்பார்கள். கல் வாங்கி வைத்த சூட்டில்தான் ரொட்டி வேகும்.

அந்தச் சூடு சரிதானா என்று பார்க்கக் கொல்லத்து மேஸ்திரி வைத்திருந்த கருவி அவருடைய வலதுகை. முழங்கைவரை உள்ளே நீட்டிக்கொண்டு மலையாளத்தில் மாதா ஜெபத்தைச் சொல்லுவார். முடிப்பதற்குள் கையை இழுக்க வேண்டியிருந்தால் சூடு அதிகம். முடித்து இரண்டாவது ஜெபத்தைத் தொடங்க முடிந்தால் சூடு போதாது. ஒரு ஜெபம் முடியும்போது கை இனித் தாங்காது என்று சொல்ல வேண்டும். அப்போது ரொட்டி உள்ளே போகலாம். இஞ்ஞாசி இதை மனப்பாடம் செய்துகொண்டான். நான்கு வருஷம் கழித்து, இசபெலைக் கட்டிக்கொண்ட கையோடு ஊருக்கு வந்து, அப்பா வலை போட்டு வைக்கும் கொட்டகையான வலைப்புரையில் பாதியைக் கெஞ்சி வாங்கி, சொந்தமாகப் போர்மா கட்டினான்.

முறிந்து கிடந்த துடுப்பு ஒன்றைச் சீவித் தட்டையாக்கி, ரொட்டியை உள்ளே தள்ளவும் எடுக்கவும் வைத்துக்கொண்டான். மரியான் அதைக் கண்டார். “ஏலே, கடல்ல பிடிக்கத் தெரியாத துடுப்பக் கரையில பிடிக்கியா?” என்றார்.  மகனுக்கு அது உறைத்தது.

முதல் நாள் ரொட்டியின் அடி கரிந்தது. முதல் நாள்தானே என்றான். பத்தாம் நாளும் கரிந்தது. மேலே அழகாக எழும்பி வரும், திருப்பினால் தோசைக்கல்லின் முதுகு. இசபெல் ஒரு மடக்குக்கத்தியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுரண்டுவாள். சுரண்டிய ரொட்டியைச் சாயாக்கடைக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி விலைக்கு எடுத்தார்கள். இஞ்ஞாசியின் வலதுகையில் முழங்கைக்குக் கீழே ஒரு முடி மிச்சமில்லை. கையைத் தினமும் நீட்டினான், ஜெபத்தைத் தினமும் முடித்தான், கை தாங்கியது, ரொட்டி கரிந்தது. இதற்கு என்னதான் அர்த்தம் என்று அவன் கேட்காத ஆள் இல்லை.

தரைக்கு அடியில் போட்ட கடற்கரைக் கருமணல்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்று ஒருவர் சொன்னார். தரையைப் பெயர்த்து, வள்ளியாற்று மணலை ஏழு நாள் சுமந்து கொட்டி மறுபடி கட்டினான். கரிந்தது. வாய் பெரிது என்றார்கள், சிறிதாக்கினான். கரிந்தது. சிறிதாகிவிட்டது என்றார்கள். அவன் அவர்களைத் திட்டிவிட்டுப் பழையபடி பெரிதாக்கினான். சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். அன்றைக்கு என்னவோ மற்ற நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கரிந்தது. சவம், இந்தச் செங்கல்லுக்குத் தன்மேல் என்ன பகை என்று இஞ்ஞாசி ஒருநாள் துடுப்பால் போர்மாவின் முதுகில் ஓங்கி அடித்தான். துடுப்பில்தான் கீறல் விழுந்தது.

கடைசியில் பழி விறகின்மேல் வந்து நின்றது. விறகு கொண்டு வருகிறவள் பூங்கனி. கிழக்கே இரண்டு மைல் தள்ளி மேட்டு ஊரில் இருப்பவள், அய்யாவழி மார்க்கத்துக்காரி, இஞ்ஞாசியைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து கடற்கரை வீடுகளில் போடுவாள். முதலில் புளி விறகு கொண்டுவந்தாள். புளி ரொம்பச் சுடுகிறது என்றான். கொல்லாமரம் என்கிற முந்திரி விறகு கொண்டுவந்தாள். அதில் எண்ணெய் இருக்கிறது என்றான். தென்னைமட்டை கொண்டுவந்தாள். அது சடசடவென்று எரிந்து கூரைக்குத் தீ வைக்கப் பார்க்கிறது என்றான். பூவரசு, வேம்பு, பலாக்கொம்பு என்று அவளும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் இவன் கரிந்த ரொட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, “ஏட்டி பூங்கனி, ஒனக்க வெறகு செய்த வேலையப் பாத்தியா?” என்பான். அவளும் தலையில் வைத்த சும்மாட்டை உதறிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு வருஷம் இப்படி நடந்தது.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் வைகாசியில் மூத்த அண்ணன் பாறையில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். வள்ளத்தில் ஓர் இடம் காலியானது. மரியான் சாப்பாட்டுக்கு நடுவில், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“அந்தோனியார் திருநாள் வரைக்கும் பாப்பேன். அண்ணைக்கும் ரொட்டி கரிஞ்சுதுண்ணா வலைய முழுசா புரைக்குள்ள கேற்றுவேன். நீ வள்ளத்துல கேறணும். ரெண்டு வருசம் போதும்லே.”

இஞ்ஞாசி சட்டியைத் தள்ளி வைத்தான். உட்கார்ந்திருந்த தரை லேசாக ஆடுவதுபோல் இருந்தது. இருபத்தைந்து வயதான, பெண்டாட்டி உள்ள ஓர் ஆண்பிள்ளைக்கு அழுகை வரக்கூடாது. வந்தது.

ஜூன் முதல் வாரத்தில் ஊர் உபதேசியார் கபிரியேல் வந்து முந்நூறு அப்பத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார். திருநாளன்று பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒன்று, உள்ளங்கை அளவுச் சின்ன ரொட்டி. வருஷா வருஷம் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வரும். வந்து சேரும்போது கல்லாகியிருக்கும். “நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கும்ப வெளிய எதுக்குண்ணு நான்தான் கமிட்டியில பேசினேன்டே. எனக்க மூக்க அறுத்துராத” என்றார் கபிரியேல். மூக்கு, வள்ளம், அப்பம் எல்லாம் ஒரே போர்மாவுக்குள் போய் உட்கார்ந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் விடிந்ததும் தீ மூட்டினான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இசபெல் முந்நூறு உருண்டையையும் பிடித்துப் பலகைகளில் அடுக்கி ஈரத்துணி போட்டு மூடினாள். போர்மா ஒரு தடவைக்கு நூறு கொள்ளும். கூரை வெளுத்தது, தணலை இழுத்தான், துடைத்தான், முழங்கைவரை கையை நீட்டினான். உதடு அசைந்தது. முடித்தான். கை தாங்கியது.

“வை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நூறையும் தள்ளினான்.

கால்மணி நேரத்தில் வாயிடுக்கிலிருந்து வந்த வாடையை மோந்ததும் இசபெல் மடக்குக்கத்தியைத் தேடி எழுந்தாள். நூறும் கரிக்கட்டை. சுரண்டிப் பார்த்தாள், கரிக்குக் கீழேயும் கரி. இஞ்ஞாசி துடுப்பைத் தரையில் எறிந்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்பமெல்லாம் எப்படி வருகிறது என்று பார்க்க உபதேசியாருக்கு அந்த நேரம்தானா கிடைக்க வேண்டும்? வந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினார்.

“என்னடே இது?”

“அத எல்லாம் கடல்ல கொட்டிருவேன். இன்னும் எரநூறு இருக்கு” என்றான் இஞ்ஞாசி.

“கொட்டுவியா? அந்தோனியாருக்குண்ணு நேந்து பிசைஞ்ச மாவு. அதக் கொட்டக் கூடாது. வரிசையில கடைசி நூறு வீட்டுக்கு இதத்தான் குடுக்கணும். வாங்குறவன் என்ன சொல்லுவானோ, கேட்டுக்கோ.” கபிரியேல் மூக்கைத் தடவிக்கொண்டே போனார். அந்த நூறு வீடுதான் அவனுடைய பட்டப்பெயரைச் சாகாமல் இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

அவர் போன வழியிலேயே மரியான் வந்தார். தோளில் நனைந்த வலை. கரிந்த ரொட்டிகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். வலையைப் புரையின் மூலையில் பொத்தென்று இறக்கினார். உப்பும் மீனும் கலந்த நாற்றம் மாவுப் பலகை வரைக்கும் வந்தது. பிறகு வாசலுக்கு வெளியே போய்க் கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். மிச்ச வலையை எடுத்து வர இன்னும் போக வேண்டும், போகவில்லை. மகன் வாயால் ‘வருகிறேன்’ என்று சொல்லக் காத்திருந்தார் போல.

பூங்கனி தலையில் விறகோடு வந்தது அப்போதுதான். இஞ்ஞாசிக்கு யார்மேலாவது விழுந்து பிடுங்க வேண்டியிருந்தது.

“வந்துட்டியா? ஏட்டி, ஒனக்க வெறகு எனக்க குடியக் கெடுத்துட்டு. என்ன மரத்தட்டி கொண்டு தாற? நரகத்துல வெட்டுனதா?”

அவள் சுமையை இறக்கக்கூட இல்லை. தலையில் கட்டோடு அப்படியே நின்று வெடித்தாள்.

“அண்ணே, ரெண்டு வருசமா கேட்டுட்டு சும்மா போறேன். இண்ணைக்குப் போவமாட்டேன். இதே புளி வெறகத்தான் பாதி ஊரு எரிக்குது. அவங்க வீட்டுச் சோறு கரியுதா? நான் சுமந்து வந்தது ஆறு தினுசு மரம். ஆறும் ஒண்ணுபோல கரிக்குமா? மரம் மாறிச்சி, மணலு மாறிச்சி, வாயி மாறிச்சி. மாறாதது என்ன? நீங்கதான்!”

“நான் ஒழுங்காத்தான் பாக்கேன். கைய நீட்டி ஒரு மந்திரம் சொல்லிட்டுத்தான் வைக்கேன்.”

“எங்க, சொல்லுங்க பாப்பம்.”

வீம்புக்கு அவன் எழுந்து போய்க் கையை உள்ளே நீட்டினான். உதடு படபடத்தது. முடிந்தது. கையை எடுத்தான். பூங்கனி அப்போதுதான் கட்டை இறக்கக் குனிந்திருந்தாள், பாதியில் நிமிர்ந்துவிட்டாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“நான் ஒரு சுமடு எறக்குறதுக்குள்ளயா? அண்ணே, நான் இந்த ஊருக்குள்ள வெறகு போட்டுத் திரியியவ. குருசடியில ஒங்க ஆளுவ இதச் சொல்லுவினும், நான் கேட்டிருக்கேன். குருசடிக்குப் பக்கத்துல நான் முதப்படியில கால் வைக்கும்ப தொடங்குனா, வெறகோட ஒம்பது படியும் கேறி மேல போய்த்தான் ஒரு மந்திரம் முடியும். சாவு வீட்டுல இன்னும் நீளும். நாங்க கும்பிடுற தாங்கல்ல மத்தியானம் உச்சிப்படிப்பு படிக்கும்ப இப்பிடி முழுங்குனா வெளிய பிடிச்சுத் தள்ளிருவாங்க. நீங்க சொல்லல, ஓடுதிய. ஒங்களைத் தொரத்திட்டு என்ன வருது?”

இசபெல் கையில் கத்தியோடு அப்படியே நின்றாள்.  துரத்திக்கொண்டு என்ன வருகிறது என்று இஞ்ஞாசிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடியதும் அலைதான் வருகிறது. கொல்லத்தில் மேஸ்திரி சொன்னார், இவன் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. தானே கையை நீட்டிய முதல் நாளிலிருந்து வள்ளத்தில் சொன்ன வேகத்தில்தான் சொல்லியிருக்கிறான். அந்த வேகத்துக்கு எந்தச் சூட்டிலும் கை தாங்கும். கடலை விட்டு ஓடி ஆறு வருஷம் ஆகிறது. அது இவனை விடவில்லை, வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருந்து தினமும் ரொட்டியைக் கரித்திருக்கிறது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. ஏழு நாள் சுமந்த ஆற்றுமணலை நினைத்தபோது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“நீ சொல்லு” என்றான் இசபெலிடம். “குருசடியில சொல்லுயது மாதிரி சொல்லு. நான் கூடச் சொல்லுதேன்.”

இசபெல் தொடங்கினாள். பாதியைத் தாண்டவில்லை, “எனக்க அம்மோ!” என்று கையை இழுத்துக்கொண்டான். தோல் சிவந்துவிட்டது. இவ்வளவு சூட்டிலா இத்தனை நாள் ரொட்டியை வைத்தோம் என்று அவனே போர்மாவை வெறித்துப் பார்த்தான்.

இப்போது காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் பெரிய தண்டனை. பலகையில் மாவு துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் புளித்து அமுங்கிவிடும். அமுங்கினால் இந்த இருநூறும் போச்சு.

“பொங்குது பாருங்க” என்றாள் இசபெல். “இப்பம் வச்சிரலாமா?”

வைத்துவிடு, வைத்துவிடு என்றுதான் அவனுடைய கையும் காலும் துடித்தன. போர்மா வாயைத் திறந்து போட்டான். தரையை மறுபடி ஈரச்சாக்கால் துடைத்தான். ஆவி சீறியது. மீண்டும் கையை நீட்டினான். முக்கால் மந்திரம் வந்தது, இழுத்துக்கொண்டான். பூங்கனி போகாமல் விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தன் விறகின்மேல் விழுந்த பழி இன்றைக்குத் தீர்ந்தாலொழிய அவள் எழுந்திருப்பதாக இல்லை.

மூன்றாம் தடவை அவன் கண்ணை மூடவில்லை. செங்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சொல்லுக்குச் சொல் இசபெலின் குரலைப் பிடித்துக்கொண்டான். நடுவில் நாக்கு ஓடப் பார்த்தது, பல்லைக் கடித்துப் பிடித்தான். “ஆமென்” என்று இசபெல் முடித்தபோது கை இனி ஒரு நொடி தாங்காது என்றது. எடுத்தான்.

நூறு உருண்டையைத் தள்ளி வாயை அடைத்தார்கள்.  வாயிடுக்கிலிருந்து கரி வாடை வருமா என்று மூன்று பேரும் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வாசலில் மரியான் திரும்பி நின்றார். கால்மணி நேரம் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. இஞ்ஞாசி துடுப்பை உள்ளே விட்டு முதல் ரொட்டியை எடுத்தான். மேலே பொன்னிறம். மேலே எப்போதும் பொன்னிறம்தான், அதை யார் நம்புகிறார்கள்? திருப்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மரியான் உள்ளே வந்தார். துடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து, சூட்டைப் பொருட்படுத்தாமல் திருப்பினார். உள்ளங்கையில் வைத்து, விரலால் அடிப்புறத்தைத் தடவினார். விரலைப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பிட்டு வாயில் போட்டு மென்றார். நேந்து பிசைந்ததை மந்திரிக்கும் முன்பு தின்னக்கூடாது என்று சொல்ல இசபெலுக்கு நாக்கு எழவில்லை.

“இனியாவது எனக்க வெறகக் கொற சொல்லாதீங்க அண்ணே” என்று பூங்கனி சும்மாட்டை உதறிக்கொண்டு எழுந்தாள்.

மரியான் மென்று முடித்தார். மகனுடைய வலதுகையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்து, ஒரு முடி இல்லாத கை. பிறகு மூலைக்குப் போய், இறக்கி வைத்த வலையை மூச்சைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வயதான தோள், நனைந்த வலை. இஞ்ஞாசி ஒரு பக்கம் பிடிக்கப் போனான்.

“நீ அடுத்தத வை. மாவு பொங்குதுல்லா?” என்றார் அப்பா. வாசலைத் தாண்டியபின் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “ஈர வலைய இங்கண போட்டா ரொட்டி நாறும்லே.”